பழங்கால விலங்கெலும்பைப் படிக்கும் தொழில்: எங்கே தொடங்குவது, எதைக் கைப்பழக்கமாக்குவது

அகழாய்வுக் குழியிலிருந்து பானை ஓட்டுக்கு அடுத்தபடியாக மூட்டை மூட்டையாக வந்து சேர்வது விலங்கெலும்பு. அதில் முழு எலும்பு அபூர்வம். தின்று எறிந்தது, நாய் கடித்தது, அடுப்பில் விழுந்தது, மிதிபட்டு நொறுங்கியது, இத்தனையும் தாண்டி மிஞ்சிய துண்டுகள்தான் மேசைக்கு வரும். அந்தத் துண்டு எந்த விலங்கு, உடம்பில் எந்த இடம், எத்தனை வயதில் செத்தது, கத்தி பட்டதா பல் பட்டதா என்று பார்த்துச் சொல்பவர் விலங்குத் தொல்லியலாளர்.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்தப் பட்டம் படிக்கலாம் என்றுதான். பட்டம் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் பத்து வருடம் கழித்தும் ஒருவர் இந்தத் துறையில் நிற்கிறார் என்றால் அதற்குக் காரணம் கைப்பழக்கமும், தெரியாத துண்டைத் தெரியாதது என்றே பதிவேட்டில் எழுதும் ஒழுக்கமும்தான். இந்த வழிகாட்டியில் படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேசை வேலைக்கே அதிக இடம் கொடுக்கிறோம்.

படிப்பு

இளங்கலையில் தொல்லியல், விலங்கியல், மானுடவியல், கால்நடை மருத்துவம் எதிலிருந்தும் இங்கே வரலாம். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு குறை உண்டு. தொல்லியல் படித்தவருக்கு உடற்கூறு பிடிபட நாளாகும். விலங்கியல் படித்தவர் எலும்பை உடனே அடையாளம் சொல்லிவிடுவார். ஆனால் அது குப்பைக்குழியில் கிடந்ததா, தரைமட்டத்தில் கிடந்ததா என்பது ஏன் முக்கியம் என்று அவருக்குத் தோன்றாது. உங்களிடம் எது குறைகிறதோ அதை முதுகலையில் சேருமுன்பே நிரப்பத் தொடங்குங்கள். தொல்லியலாளர் ராபர்ட் பிரெய்ட்வுட் இராக்கின் ஜார்மோவில் நடத்திய அகழாய்வுக்கு 1954-55இல் சார்லஸ் ரீட் என்ற விலங்கியலாளரையும் களத்துக்கே அழைத்துப் போனார். இரண்டு பேர் பிரித்துச் செய்த அந்த வேலையைத்தான் இன்று ஒரே ஆளிடம் எதிர்பார்க்கிறார்கள்.

முதுகலைப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பல்கலைக்கழகத்தின் பெயரைவிட மூன்று கேள்விகள் முக்கியம். ஒப்பீட்டுக்கான முழு எலும்புக்கூடுகள் எத்தனை இருக்கின்றன? மாணவர்கள் அவற்றைப் பாடவேளைக்கு வெளியிலும் எடுத்துப் பார்க்கலாமா? ஆய்வேட்டுக்கு உண்மையான அகழாய்வுத் தொகுதி (ஓர் அகழாய்வில் கிடைத்த எலும்புகள் மொத்தமும்) தருவார்களா, அல்லது ஏற்கெனவே எண்ணி முடித்த தரவு மட்டும்தானா? மூன்றாவது கேள்விக்குத் தயக்கமான பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். ஒரு தொகுதியைப் பெட்டியிலிருந்து அறிக்கை வரை ஒருமுறையாவது சொந்தக் கையால் கொண்டுபோகாமல் இந்த வேலை வராது.

கூடவே புள்ளியியல் படியுங்கள். ‘ஆர்’ போன்ற ஒரு கணினி மொழியில் அட்டவணையைச் சுத்தம் செய்யவும் வரைபடம் போடவும் தெரிந்தால் போதும். பல்கலைக்கழக ஆசிரியர் வேலைக்குப் பெரும்பாலும் முனைவர் பட்டம் கேட்பார்கள். ஒப்பந்த அகழாய்வு நிறுவனங்களிலும் ஆய்வகங்களிலும் முதுகலையும் நல்ல தொகுதி அனுபவமும் இருந்தால் பல இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள்.

கையைப் பழக்குவது

ஒரே ஒரு செம்மறி எலும்புக்கூட்டில் தொடங்குங்கள். எல்லா விலங்கையும் ஒரே நேரத்தில் கற்க முயல்பவர்களுக்கு எதுவுமே உறுதியாக நிற்பதில்லை. ஒவ்வொரு எலும்பையும் கையில் எடுத்து மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: எந்த எலும்பு, இடமா வலமா, எந்தப் பக்கம் உடலை நோக்கியது. பிறகு பென்சிலால் வரையுங்கள். படம் அழகாக வர வேண்டியதில்லை. நரம்பு நுழையும் துளையும் தசை ஒட்டிய மேடும் எங்கே என்று வரையும்போதுதான் கண் கவனிக்கிறது.

செம்மறி பழகியதும் மாடு, பன்றி, நாய், குதிரை, கோழி என்று விரியுங்கள். இந்தக் கட்டத்தில் நல்ல பயிற்சி ஒன்று உண்டு. கலந்த எலும்புகளைத் துணிப்பையில் போட்டுப் பார்க்காமல் தடவி அடையாளம் சொல்லுங்கள். பறவை எலும்பின் மெல்லிய சுவரும் எடையின்மையும், மாட்டுக் கால் எலும்பின் தடிப்பும் விரலுக்குத்தான் முதலில் தெரியும். கணினியில் முப்பரிமாணப் படங்கள் நிறைய வந்துவிட்டன, உதவியும் செய்கின்றன. ஆனால் எடையும் மேற்பரப்பின் சொரசொரப்பும் திரையில் கிடைக்காது.

அடுத்தது துண்டுகள். உண்மையான தொகுதியில் விலாவும் முதுகெலும்பும் உடைந்த தண்டுப் பகுதியுமே பெரும்பாலும் இருக்கும். இனம் தெரியாத இவற்றைப் பெரிய பாலூட்டி, நடுத்தரப் பாலூட்டி, சிறிய பாலூட்டி என்று உடல் அளவின்படி பிரித்து எழுதுவது ஏற்கப்பட்ட முறை. மாட்டு அளவில் இருப்பதெல்லாம் மாடு என்று எழுதுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பெரிய தவறு. எருமையும் குதிரையும் பெரிய மானும் அந்த அளவில்தான் இருக்கும்.

இன்னொன்று, இது கண்டிப்பு: மனிதக் குழந்தையின் எலும்பைச் சிறு விலங்கினுடையது என்று பையில் போட்டுவிடுவது எல்லா இடங்களிலும் நடக்கிற பிழை. குழந்தை எலும்புக்கூட்டின் வடிவங்களையும் கட்டாயம் பழகுங்கள். சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்தி, அகழாய்வுப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். மனித எச்சத்துக்குத் தனிச் சட்ட நடைமுறை இருக்கும்.

சொந்தமாக ஒப்பீட்டு எலும்புக்கூடு செய்வது

ஒரு முழு விலங்கை நீங்களே சுத்தம் செய்தால், எந்தப் பாடநூலும் தராத அறிவு வரும். முதலில் சட்டம்: காட்டு விலங்கின் உடலைத் தொடவே பல நாடுகளில் அனுமதி வேண்டும், நாட்டின் எல்லை தாண்டினால், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் விதிகளும் சேரும். வளர்ப்பு விலங்காக இருந்தாலும் எதனால் செத்தது என்று தெரியாத உடலைத் தொடாதீர்கள். ஆந்த்ராக்ஸும் புரூசெல்லா நோயும் மனிதருக்குத் தொற்றும். கையுறை, முகக்கவசம், காற்றோட்டமான இடம் மூன்றும் வேண்டும்.

1. தோலையும் தசையையும் கத்தியால் முடிந்தவரை நீக்குங்கள். கத்தி எலும்பில் படக்கூடாது. பட்டால் நாளைக்கு வெட்டுத்தடம் என்றால் என்ன என்று பார்க்க வருபவரை அது ஏமாற்றும்.
2. நான்கு கால்களின் பாதங்களையும் தனித்தனி வலைப்பையில் கட்டி, முன் இடம், முன் வலம், பின் இடம், பின் வலம் என்று சீட்டுப் போடுங்கள். இதைத் தவறவிட்டால் விரலெலும்புகள் கலந்து, பிறகு நாள்கணக்கில் உட்கார்ந்து பிரிக்க வேண்டிவரும்.
3. மூடியுள்ள தொட்டியில் வெதுவெதுப்பான நீரில், சுமார் 35 முதல் 40 டிகிரி செல்சியஸில், ஊறவையுங்கள். பாக்டீரியா தசையைத் தின்னும். சில நாளுக்கு ஒருமுறை நீரில் ஒரு பகுதியை மட்டும் மாற்றுங்கள். முழுவதையும் மாற்றினால் பாக்டீரியா போய்விடும், வேலை நின்றுவிடும். நீரைக் கொட்டும்போது கீழே சல்லடை பிடியுங்கள். முழங்கால் சில்லும் எள் அளவுச் சிறு எலும்புகளும் காணாமல் போவது இங்கேதான்.
4. கொழுப்பு நீங்க, சலவை சோப்புக் கரைசலில் ஊறவைத்து, மேலே மிதக்கும் கொழுப்பை அள்ளி எடுங்கள். மஞ்சள் கறை மறையும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.
5. நிழலில் உலர்த்துங்கள். வெண்மை வேண்டுமானால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும்.

கொதிக்க வைக்காதீர்கள், கொழுப்பு எலும்புக்குள்ளே இறங்கிவிடும், பற்களில் விரிசல் விழும். குளோரின் பிளீச் எலும்பையே அரிக்கும். கழுவிய பிறகும் எலும்பு மாவாக உதிர்வது நிற்காது. கடைசியாக இனம், பால், வயது, காயடித்ததா, உயிரோடு இருந்தபோது எடை, எங்கே எப்போது செத்தது என்று எழுதுங்கள். இந்தத் தகவல் இல்லாத எலும்புக்கூடு அலமாரியை அடைப்பதோடு சரி.

களத்தில்: சல்லடையில்லாத எண்ணிக்கையை நம்ப முடியாது

கையால் பொறுக்கினால் மாட்டு எலும்பு கிடைக்கும், மீன் முள் கிடைக்காது. அப்படிச் சேர்த்த தொகுதியைப் பார்த்து “இவர்கள் மீன் சாப்பிடவில்லை” என்று எழுதினால், அது மனிதர்களைப் பற்றிய செய்தி அல்ல, பொறுக்கியவரின் கண்ணைப் பற்றிய செய்தி. உலர்ந்த மண்ணுக்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர் சல்லடை ஆட்டுப் பல்லையும் விரலெலும்பையும் பிடிக்கும். மீன், தவளை, எலி, சிறு பறவை வேண்டுமென்றால் 1 அல்லது 2 மில்லிமீட்டரில் நீர் விட்டுச் சலிக்க வேண்டும். முழு மண்ணையும் அப்படிச் சலிக்க நேரம் இருக்காது என்பதால் ஒவ்வொரு முக்கிய மண்ணடுக்கிலிருந்தும் 40 முதல் 60 லிட்டர் மாதிரி எடுப்பது வழக்கம். எந்த அடுக்குக்கு எந்தச் சல்லடை என்று அதே நாளில் எழுதிவையுங்கள். கையால் பொறுக்கியதையும் சலித்ததையும் எந்தக் காரணத்துக்கும் ஒரே பையில் போடாதீர்கள், ஒரே அட்டவணையில் கூட்டாதீர்கள்.

மரபணு, ஐசோடோப், கார்பன் காலக்கணிப்பு ஆகியவற்றுக்கு எடுக்கப்போகும் எலும்பைக் கழுவாமல், பசை தடவாமல், புதுக் கையுறையோடு தனியே எடுங்கள். மரபணுவுக்கு மண்டையோட்டில் உள்காதைச் சூழ்ந்த கெட்டியான எலும்பு மிகவும் ஏற்றது. நொறுங்கும் எலும்பைக் காப்பாற்ற அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற பிசினைத் தடவுவார்கள். மாதிரி எடுத்த பிறகே தடவ வேண்டும், தடவியதைச் சீட்டில் எழுத வேண்டும்.

மற்றவற்றை மென்மையான பல் துலக்கியால் கொஞ்சம் நீரில் கழுவலாம். வாளியில் ஊறப்போடக்கூடாது. வெயிலில் காயவைத்தால் வெடிக்கும். நிழலில், வலைத்தட்டில் பரப்புங்கள். ஈரத்தோடு பையில் மூடினால் ஒரு வாரத்தில் பூஞ்சை பூக்கும். பையின் உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு எழுத்து, இரண்டும் அழியாத மையில்.

மேசையில்

பதிவேட்டில் ஒரு துண்டுக்கு ஒரு வரி. அகழாய்வுக் குழி, மண்ணடுக்கு, இனம், எலும்பு, பக்கம், எந்தப் பகுதி மிஞ்சியிருக்கிறது, எலும்பின் முனை தண்டோடு ஒட்டியதா ஒட்டாததா (வளரும் விலங்கில் அது தனித்துண்டாக இருக்கும்), எரிந்த நிறம், வெட்டு, கடி, எடை. கருவிகள் அதிகம் வேண்டாம்: 0.1 மில்லிமீட்டர் வரை படிக்கும் காலிப்பர், பத்து மடங்கு கைலென்ஸ், 0.1 கிராம் தராசு, பக்கவாட்டில் சாய்த்து வைக்கக்கூடிய ஒரு விளக்கு.

செம்மறியா வெள்ளாடா என்ற கேள்வி இந்தத் துறையின் தினசரிச் சோதனை. பெரும்பாலான எலும்புகளில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஜெர்மன் ஆய்வாளர் யோவாகிம் பெஸ்னெக் 1960களில் வகுத்துக் கொடுத்த அடையாளங்கள்தான் இன்றைக்கும் அடித்தளம். முன்காலில் விரலெலும்புகளுக்கு மேலே உள்ள நீள எலும்பான மெட்டாகார்ப்பலை எடுத்து அதன் கீழ்முனையைப் பாருங்கள். இரண்டு உருளைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வரப்பு. வரப்புக்கு வெளிப்புறம் உள்ள பகுதி வெள்ளாட்டில் வரப்பை ஒப்பிடச் சிறுத்துப் போயிருக்கும், செம்மறியில் அவ்வளவு சிறுக்காது. ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு மூன்று சேர்ந்து ஒரே பக்கம் காட்டினால் பெயர் எழுதுங்கள், இல்லையென்றால் ‘செம்மறி/வெள்ளாடு’ என்று விடுங்கள். அந்தச் சாய்வுக்கோடு உங்கள் அறிக்கையில் நிறைய வரும். வரவும் வேண்டும். நிறைய நிதி இருந்தால் சில மில்லிகிராம் எலும்பிலிருந்து கொலாஜன் புரதத்தைப் பிரித்துப் பார்க்கும் ‘சூம்ஸ்’ முறை இவ்விரண்டையும் பிரித்துவிடும். ஆனால் மாட்டையும் காட்டெருதான பைசனையும் அதால் பிரிக்க முடியாது. எந்தக் கேள்விக்கு எந்த முறை என்பதைத் தெரிந்து செலவழிக்க வேண்டும்.

எண்ணுவதில் இரண்டு வழி. அடையாளம் கண்ட துண்டுகளைக் கூட்டுவது ஒன்று, அதை என்.ஐ.எஸ்.பி. என்பார்கள். குறைந்தது எத்தனை விலங்கு இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுவது மற்றொன்று, அது எம்.என்.ஐ. ஒரு குழியில் செம்மறியின் முன்கால் மேலெலும்பான ஹியூமரஸின் கீழ்முனை ஐந்து கிடைக்கிறது: இடம் மூன்று, வலம் இரண்டு. முதல் கணக்கில் ஐந்து. இரண்டாவதில், ஓர் ஆட்டுக்கு இடம் ஒன்றுதான் என்பதால், மூன்று. இப்போது உற்றுப் பாருங்கள். இடப்பக்கம் மூன்றிலும் முனை தண்டோடு ஒட்டிவிட்டது, வலப்பக்கம் ஒன்றில் ஒட்டவில்லை. ஒட்டாத அது இளம் குட்டியுடையது, அந்த மூன்றில் எதற்கும் ஜோடியாக முடியாது. ஆகக் குறைந்தது நான்கு ஆடு. இந்த எண்ணிக்கை நீங்கள் குழிகளைத் தனித்தனியாக எடுத்தீர்களா, சேர்த்தீர்களா என்பதைப் பொறுத்தும் மாறும். எனவே எப்படிச் சேர்த்தீர்கள் என்று எழுதாத எம்.என்.ஐ.யை மற்றவர் பயன்படுத்த முடியாது.

வயதுக்கு இரண்டு சாட்சி: முனை ஒட்டுதலும் பல்லும். செம்மறியில் ஹியூமரஸின் கீழ்முனை சுமார் பத்து மாதத்தில் ஒட்டும், அதே எலும்பின் மேல்முனை மூன்று வயதைத் தாண்டியே ஒட்டும். காயடித்த ஆட்டில் இது இன்னும் தள்ளிப்போகும். கீழ்முனை கெட்டி, மேல்முனை பஞ்சு போன்றது; நாய்க்கும் மண்ணுக்கும் முதலில் பலியாவது மேல்முனைதான். அது கிடைக்கவில்லை என்பதால் அந்தப் பகுதி இறைச்சியை வேறெங்கோ கொண்டுபோனார்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

கீழ்த்தாடைப் பற்களின் தேய்மானத்துக்கு செபாஸ்டியன் பெய்ன் 1973இலும் ஆனி கிராண்ட் 1982இலும் தந்த படிநிலைகள் பரவலாகப் பயனில் உள்ளன. இங்கே புதியவர் தடுக்கி விழும் இடம் ஒன்று. கடைசிக் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று தூண், நான்காம் பால் முன்கடைவாய்ப்பல்லுக்கும் மூன்று தூண். முன்னது இருந்தால் வளர்ந்த ஆடு, பின்னது இருந்தால் இளம் ஆடு. தனிப்பல்லாகக் கிடைத்தால் மாற்றி எழுதி வயதையே தலைகீழாக்கிவிடுவார்கள். கடைசிப் பல்லில் மூன்றாவது தூண் சிறிதாகப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும், பல் உயரமாக இருக்கும். பால்பல் குட்டை, எனாமல் மெல்லியது, வேர்கள் வெளியே விரிந்திருக்கும்.

மேற்பரப்பைக் காண விளக்கைச் சாய்த்து வையுங்கள். கத்தித்தடம் ‘வி’ வடிவில் குறுகலாக, உள்ளே நுண்கோடுகளோடு இருக்கும். எலி கடித்தால் அடித்தளம் தட்டையான இணைகோடுகள். நாய் முனைகளில் குழியும் பள்ளமும் போட்டுத் தண்டைக் குழாயாக விட்டுவைக்கும். செடிவேர் வளைந்து நெளிந்து ‘யு’ வடிவில் அரிக்கும். மிதிபட்ட கீறல்கள் ஆழமில்லாமல் பல திசையில் ஓடும். உடைந்த ஓரம் உட்பக்கம் வெளிறியிருந்தால் அது அகழாய்வில் உடைந்தது, பழைய உடைப்பாக எண்ணக்கூடாது. வெயில் மழையில் கிடந்து சிதைந்த அளவுக்கு அன்னா பெரென்ஸ்மேயர் 1978இல் கென்யாவின் அம்போசெலியில் கண்டு வகுத்த 0 முதல் 5 வரையான படிநிலையை எழுதுங்கள்.

அளவெடுக்க ஆங்கெலா ஃபான் டென் டிரீஷ் 1976இல் வகுத்த அளவுப்புள்ளிகளையே உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்கள். சொந்தமாகப் புள்ளி வைத்தால் உங்கள் எண்ணை யாரோடும் ஒப்பிட முடியாது. எரிந்த எலும்பு சுருங்கியிருக்கும், அதை அளக்காதீர்கள். செம்மறி மெட்டாகார்ப்பலின் முழு நீளத்தை, டைகெர்ட் என்ற ஆய்வாளர் கணித்துத் தந்த 4.89 என்ற எண்ணால் பெருக்கினால் தோள் உயரம் வரும்: 125 மில்லிமீட்டர் எலும்பு, சுமார் 61 சென்டிமீட்டர் ஆடு.

முனை ஒட்டாத எலும்பையும் வழக்கமாக அளப்பதில்லை. இந்தச் சிறு விதியால் ஒரு பெரிய முடிவே தடம் மாறியிருந்தது. விலங்கைப் பழக்கியதும் அதன் உடல் சிறுத்தது என்று நெடுங்காலம் நம்பினார்கள். மேற்கு ஈரானின் கஞ்ச் தரேயில் கிடைத்த சுமார் 10,000 ஆண்டுப் பழைய வெள்ளாட்டு எலும்புகளை மெலிண்டா செடரும் பிரையன் ஹெஸ்ஸும் பால்வாரியாகப் பிரித்துப் பார்த்து 2000இல் வெளியிட்டார்கள். அங்கே கிடாக்களை இளவயதிலேயே அறுத்துவிட்டு, பெட்டைகளைக் குட்டி போட வைத்திருந்தார்கள். அறுபட்ட கிடாக்களின் முனைகள் ஒட்டவே இல்லை. அதனால் பழைய முறையில் அளவு அட்டவணைக்குள் அவை வருவதில்லை. வந்தவை பெரும்பாலும் பெட்டைகள், அதனால் மந்தையே சிறுத்ததுபோலத் தெரியும். வளர்ப்பின் உண்மையான தடயம் எலும்பின் அளவில் இல்லை, யாரை எந்த வயதில் அறுத்தார்கள் என்பதில் இருந்தது. பதிவேட்டில் ‘முனை ஒட்டவில்லை’ என்ற கட்டத்தைச் சோம்பலில் காலியாக விடுகிறவர் இப்படிப்பட்ட ஒன்றைத்தான் தூக்கி எறிகிறார்.

வேலை எங்கே

பல்கலைக்கழகம், அருங்காட்சியகம், அரசுத் தொல்லியல் துறை, கட்டுமானத்துக்கு முன் அகழும் ஒப்பந்த நிறுவனம், தனியாக அறிக்கை எழுதித் தரும் நிபுணர் என்று வழிகள் உண்டு. நிரந்தர இடங்கள் குறைவு. முதல் சில வருடம் பலருக்கும் குறுகிய ஒப்பந்தங்களிலேயே போகும், அதற்கு மனதையும் வரவுசெலவையும் தயார் செய்யுங்கள். மீன், பறவை, சிறு பாலூட்டி ஆகியவற்றில் தேர்ந்தவர்கள் எங்கும் குறைவு என்பதால் அப்படி ஒரு சிறப்பு இருந்தால் வேலை தேடி வரும். விலங்குத் தொல்லியலாளர்களின் சர்வதேச மன்றமான ஐகாஸ் நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாநாடு நடத்துகிறது. அதன் மீன், பறவைக் குழுக்களில் தனித்தனியாகவும் கூடுகிறார்கள். அங்கே தன் ஆய்வைச் சுருக்கிச் சொல்லும் முதல் சுவரொட்டியைக் காட்டுவதுதான் பலருக்கும் அறிமுகம்.

தனியாக ஒப்பந்தம் எடுக்கும்போது எத்தனை பெட்டி என்று மட்டும் கேட்டு நாள் குறிக்காதீர்கள். ஒரு பெட்டியை முழுதாகப் பதிந்து, 100 துண்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, வயது சொல்லக்கூடிய தாடை எத்தனை, அளக்கக்கூடிய எலும்பு எத்தனை என்று பார்த்த பிறகே நாள் சொல்லுங்கள். மண்ணடுக்குகளின் காலம் முடிவாகாமல் எலும்பைப் பதியத் தொடங்கினால் எல்லா அட்டவணையையும் திரும்பப் போட வேண்டிவரும். ஆகவே அடுக்குப் பட்டியல் முடிவான பிறகே கணக்கு தொடங்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அறிக்கையோடு ஒவ்வொரு துண்டின் வரியும் அடங்கிய மூலத்தரவைக் குறியீட்டு விளக்கத்தோடு சேர்த்துக் கொடுத்து, ஓப்பன் கான்டெக்ஸ்ட் அல்லது டிடார் போன்ற பொதுக் களஞ்சியத்தில் வையுங்கள். அந்த வேலைக்கான நாள்களையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேருங்கள். பின்னால் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.